பழைய வீட்டைக் கணினியில் எழுப்புவது: லேசர் ஸ்கேனிலிருந்து மாடல் வரை

பழைய ஓட்டு வீடுகளுக்கு வரைபடம் இருப்பதில்லை. குமரி மாவட்டத்தில் தக்கலை, திருவட்டாறு, குலசேகரம் பக்கத்தில் நூறு வருடத்து வீடு ஒன்றைப் பழுதுபார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டிய மூத்தாசாரி, அதாவது தலைமைத் தச்சர், மனதில் வைத்திருந்த கணக்கு அவரோடு போய்விட்டது. பத்திரத்தில் நிலத்தின் நான்கெல்லை இருக்கும், வீட்டின் அளவு இருக்காது. பிறகு வந்தவர்கள் ஒரு பக்கம் சமையலறையை நீட்டியிருப்பார்கள், இன்னொரு பக்கம் ஓட்டை இறக்கிவிட்டுக் கான்கிரீட் போட்டிருப்பார்கள். இப்போது எந்தக் கழுக்கோலை (ஓட்டைத் தாங்கும் சாய்ந்த கூரைமரத்தை) மாற்றுவது, எவ்வளவு மரம் வாங்குவது, எந்தச் சுவரில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லை.

டேப் பிடித்து அளக்கலாம், இன்றும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அறை அறையாக அளந்து கூட்டினால் வெளிச்சுவரின் அளவோடு அது ஒத்துவராது. பழைய வீட்டில் எந்த மூலையும் சரியான செங்கோணம் கிடையாது, எந்தச் சுவரும் முழுக்க நேர் கிடையாது. டேப் இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள நீளத்தை மட்டும் சொல்லும். நடுவில் சுவர் வயிறு தள்ளியிருப்பதையோ, உத்தரம் தொய்ந்திருப்பதையோ அது சொல்லாது. அந்தக் குறையைத்தான் லேசர் ஸ்கேனர் தீர்க்கிறது.

நிற்கும் கட்டடத்தை லேசரால் அளந்து, அந்த அளவுகளை வைத்து அதன் முப்பரிமாண மாடலைக் கணினியில் உருவாக்கும் வேலைக்குத் தொழிலில் ‘ஸ்கேன் டு பிம்’ என்று பெயர். பிம் என்பது பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங். வெறும் கோடுகளால் ஆன வரைபடம் போல் இல்லாமல், இது சுவர், இது கதவு, இது இன்ன மரம், இவ்வளவு கனம் என்று ஒவ்வொரு உறுப்பும் தன் விவரத்தோடு நிற்கும் மாடல் அது. இந்த வேலையில் இரண்டு பாதி உண்டு: அளப்பது ஒன்று, அளந்ததிலிருந்து மாடல் செய்வது இன்னொன்று. முதல் பாதியைக் கருவி செய்கிறது. இரண்டாவது பாதி முழுக்க முழுக்க மனிதர் எடுக்கும் முடிவுகள். புதிதாக வருகிறவர்கள் இந்த வித்தியாசத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டால் பாதி குழப்பம் தீரும்.

ஒளி போய்த் திரும்பும் நேரம்

முக்காலியில் நிற்கும் ஸ்கேனரின் உள்ளே ஒரு லேசர் மூலமும், வேகமாகச் சுழலும் ஒரு கண்ணாடியும் இருக்கின்றன. கண்ணாடி லேசர் கதிரை மேலும் கீழுமாகச் சுழற்றி வீசும். அதே நேரத்தில் கருவியின் தலை மெல்ல இடவலமாகத் திரும்பும். இப்படி அறை முழுவதையும், தன் காலடியில் உள்ள ஒரு சிறு வட்டம் தவிர, கதிர் தடவி முடிக்கிறது. வேளி மலையைப் பார்த்துக் கூவினால் குரல் எதிரொலித்து வரும் நேரத்தை வைத்து மலையின் தூரத்தைக் கணக்கிடலாம் அல்லவா? அதே கணக்குத்தான், குரலுக்குப் பதில் ஒளி.

ஒளியின் வேகம் நொடிக்கு 29 கோடியே 97 லட்சத்து 92 ஆயிரத்து 458 மீட்டர். 10 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப அதற்கு ஏறத்தாழ 67 நானோ நொடி ஆகும். ஒரு நொடியை நூறு கோடி கூறாக்கினால் அதில் 67 கூறு. தூரத்தை ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் சொல்ல வேண்டுமானால் நேரத்தை அதைவிடப் பத்தாயிரம் மடங்கு நுணுக்கமாக அளக்க வேண்டும். அதனால் பல ஸ்கேனர்கள் நேரத்தை நேரடியாக அளப்பதில்லை. கதிரின் வலிமையை ஓர் அலைபோல் ஏற்றி இறக்கி அனுப்புகின்றன. திரும்பி வரும் அலை அனுப்பிய அலையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று ஒப்பிட்டுத் தூரத்தைக் கண்டுபிடிக்கின்றன. கட்டடங்களுக்குள் பயன்படும் வேகமான கருவிகள் பெரும்பாலும் இந்த வகை.

தூரம் தெரியும், கதிர் எந்தக் கோணத்தில் போனது என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்தால் கதிர் பட்ட இடத்தின் நீள, அகல, உயர ஆயத்தொலைவுகள் கிடைத்துவிடும். அது ஒரு புள்ளி. இப்போதைய கருவிகள் நொடிக்குச் சில லட்சத்திலிருந்து இருபது லட்சம் புள்ளிகள் வரை எடுக்கின்றன. ஒவ்வொரு புள்ளியோடும் திரும்பி வந்த ஒளி எவ்வளவு பலமாக இருந்தது என்பதும், கருவியின் கேமரா எடுத்த நிறமும் சேரும். கோடிக்கணக்கில் சேர்ந்த இந்தப் புள்ளிகளின் தொகுப்புக்குப் புள்ளி மேகம் என்று பெயர். திரையில் தூரத்திலிருந்து பார்த்தால் வீட்டின் புகைப்படம் போலவே இருக்கும். நெருங்கிப் போனால் சுவர் கலைந்து புள்ளி புள்ளியாக நிற்கும். ஒரு புள்ளிக்கு 16 பைட் என்று வைத்தாலும் பத்துக் கோடிப் புள்ளிக்கு 1.6 ஜிபி ஆகிறது. ஒரு நடுத்தர வீட்டுக்கே இந்த எண்ணிக்கை எளிதில் தாண்டும். கோப்பு பெரிதாக இருக்கிறதே என்று யாரும் பயப்பட வேண்டாம், அது இயல்பு.

அடர்த்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கதிர்கள் விரிந்துகொண்டே போவதால், 10 மீட்டரில் புள்ளிக்குப் புள்ளி 6 மில்லிமீட்டர் இடைவெளி என்று அமைத்தால் 20 மீட்டரில் அது 12 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆகவே முற்றத்தில் நின்றபடி எடுத்த ஸ்கேனில் திண்ணைத் தூண் துல்லியமாக இருக்கும், முகட்டு ஓடு மங்கலாக இருக்கும். எது முக்கியமோ அதன் பக்கத்தில் போய்த்தான் கருவியை நிறுத்த வேண்டும்.

இன்னொரு உறுப்பு வெளியே தெரியாது, ஆனால் எனக்கு அதன்மேல்தான் மதிப்பு அதிகம். நல்ல ஸ்கேனர்களுக்குள் சாய்வை உணரும் ஒரு சென்சார் இருக்கிறது. முக்காலி சற்றுச் சாய்ந்து நின்றாலும் பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அது அறிந்து, அத்தனை புள்ளிகளையும் அதற்கேற்பத் திருத்திவிடும். கொத்தனாரின் தூக்குக்குண்டும் ரசமட்டமும் செய்யும் வேலை இது. சுவர் சாய்ந்திருக்கிறதா, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஸ்கேனிலிருந்து நம்பிச் சொல்ல முடிவது இதனால்தான்.

கருவி நின்ற இடங்களைக் கோப்பது

ஓர் இடத்தில் நின்று பார்த்தால் கதவுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. ஆகவே கருவியை இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும்: திண்ணையில், உள்ளறையில், வாசல்படியில், முற்றத்தின் நாலு மூலையில். ஓர் இடத்துக்கு ஓரிரு நிமிடத்திலிருந்து சில நிமிடங்கள் வரை ஆகும். பிறகு எல்லா ஸ்கேன்களையும் ஒன்றாகப் பொருத்த வேண்டும்.

இரண்டு ஸ்கேனிலும் பொதுவாகத் தெரியும் பகுதியைப் பிடித்துக்கொண்டு ஒன்றை இன்னொன்றின்மேல் உட்கார வைப்பதுதான் இந்தப் பொருத்தல். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டைகளையோ வெள்ளை உருண்டைகளையோ அங்கங்கே வைத்து அவற்றை அடையாளமாகக் கொள்வது ஒரு முறை. புள்ளிகளையே புள்ளிகளோடு ஒப்பிட்டு, தூரம் குறையக் குறையத் திரும்பத் திரும்ப நகர்த்திச் சரிசெய்வது இன்னொரு முறை. இதற்கான கணக்கு முறையை பெஸ்ல், மெக்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்டார்கள். இன்றைய மென்பொருள்கள் பலவற்றின் அடித்தளம் அதுதான்.

மென்பொருள் இதைத் தானாகச் செய்துவிடும் என்று சொல்வார்கள். வீடுகளில் பெரும்பாலும் செய்கிறது. ஆனால் சுசீந்திரம் கோயில் பிரகாரம் போன்ற ஓர் இடத்தை நினைத்துப் பாருங்கள். நீண்ட நடை, இருபுறமும் ஒரே இடைவெளியில் ஒரே மாதிரித் தூண்கள். மூன்றாவது தூணை நான்காவது தூணோடு பொருத்தினாலும் மென்பொருளுக்கு எல்லாம் சரியாகவே தோன்றும், பிழை எண்ணும் சிறியதாகவே காட்டும். பிரகாரம் மட்டும் ஒரு தூண் இடைவெளி அளவுக்குக் குறைந்துபோயிருக்கும். தூணே இல்லாத வழவழப்பான நடையிலும் சிக்கல் உண்டு. இரண்டு பக்கச் சுவரும் பொருந்தும், ஆனால் நீளவாட்டில் ஸ்கேன் முன்னும் பின்னும் வழுக்கும், அதைத் தடுத்துப் பிடிக்க ஒன்றும் இருக்காது. இம்மாதிரி இடங்களில் அட்டைகளை வைப்பதும், டோட்டல் ஸ்டேஷன் என்னும் நில அளவைக் கருவியால் சில புள்ளிகளைத் தனியாக அளந்து ஒப்பிடுவதும், சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடிப்பதும் கட்டாயம். சுற்றி வந்து சேரும்போது எவ்வளவு விலகுகிறது என்பதே பொருத்தலின் உண்மையான மதிப்பெண்.

வாசல்படி ஸ்கேனைப் பலர் நேரம் மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். விடவே கூடாது. சுவரின் கனம் தெரிவது அதனால்தான். லேசர் சுவருக்குள் நுழையாது. உள்ளிருந்து எடுத்தால் சுவரின் உள்முகம், வெளியிலிருந்து எடுத்தால் வெளிமுகம், அவ்வளவே. இரண்டையும் சரியாகப் பொருத்தினால் நடுவே ஒரு வெற்றிடம் மிஞ்சும், அதுதான் சுவரின் கனம். உள்ளையும் வெளியையும் இணைக்கும் ஒரே பாலம் வாசல். அந்த இணைப்பில் இரண்டு சென்டிமீட்டர் தவறினால் வீட்டின் எல்லா வெளிச்சுவர்களின் கனமும் தவறிவிடும்.

லேசர் தடுமாறும் இடங்கள்

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்திருப்பீர்கள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இடம். 1956-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரித்து வருகிறது. லேசர் ஸ்கேனருக்கு என்னென்ன கஷ்டம் வரும் என்று ஒரே கட்டடத்தில் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை என்றே சொல்வேன்.

முதலில் தரை. சுண்ணாம்போடு தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் கறுப்புத் தரை, முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும். கறுப்பு ஒளியை விழுங்கும். பளபளப்பு மிச்ச ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடும். விளைவு: ஸ்கேனருக்குச் சற்றுத் தள்ளிய தரையில் புள்ளிகளே இல்லாமல் ஓட்டை விழும். அதைவிட மோசம், தரையில் பட்டு எதிரொளித்த கதிர் சுவரைத் தொட்டுத் திரும்பும்போது, தரைக்குக் கீழே தலைகீழாக இன்னொரு சுவர் இருப்பதாகப் புள்ளிகள் தோன்றும். நிலைக்கண்ணாடிக்கு முன்னும் இதேதான் நடக்கும், சுவருக்கு அப்பால் இல்லாத ஓர் அறை முளைக்கும். கண்ணாடிகளைத் துணியால் மூடிவிடலாம். தரையை மூட முடியாது, பல இடங்களில் நெருங்கி நின்று எடுப்பதுதான் வழி.

அடுத்தது மர அழிகள் (சன்னல் கம்பிபோல் நிற்கும் மரச்சட்டங்கள்), துளையிட்ட சாளரங்கள். லேசர் கதிர் ஊசிமுனை இல்லை, சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டு. அந்தப் பொட்டு அழியின் விளிம்பில் பாதியும் பின்னாலிருக்கும் சுவரில் பாதியுமாக விழுந்தால், கருவி இரண்டு தூரத்தையும் கலந்து நடுவில் எங்கோ ஒரு புள்ளியை வைத்துவிடும். அழியின் பின்னால் வால் முளைத்தாற்போல் புள்ளிகள் தொங்கும். இவற்றை வடிகட்டிக் களைய வேண்டும். களைவதிலும் கவனம் வேண்டும், அதிகமாக வடிகட்டினால் மெல்லிய அழிகளும் சேர்ந்து போய்விடும்.

மச்சு ஒரு தனி உலகம். மரக்கூரைத் தட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் இருட்டு, தூசி, குனிந்து போக வேண்டிய உயரம். லேசருக்கு வெளிச்சம் தேவையில்லை, அளவு அங்கேயும் சரியாக வரும், நிறம் மட்டும் பதிவாகாது. கழுக்கோல், வளை, உத்தரம் எல்லாம் எப்படிக் கூடுகின்றன என்பது மச்சுக்குள் போனால்தான் தெரியும். கீழேயிருந்து எடுத்துவிட்டு மேலே இப்படித்தான் இருக்கும் என்று யூகித்து வரைந்த கூரை மாடலை நம்பி மரம் வாங்கக் கூடாது.

மழையையும் சொல்லியாக வேண்டும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. மழைத்துளிகள் கதிரை நடுவழியில் திருப்பி வெற்றிடத்தில் புள்ளிகளைத் தூவும். நனைந்த ஓடும் வெட்டுக்கல்லும் (செம்புரைக்கல்) ஒளியைக் குறைவாகத் திருப்பும். வெளிப்புற வேலையை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடித்துக்கொள்வது நிம்மதி.

புள்ளியிலிருந்து சுவருக்கு

இனி மாடல். புள்ளி மேகத்தை ரெவிட் போன்ற ஒரு மென்பொருளில் இணைத்துத் திறந்தால், அது பின்னணியில் ஒரு நிழல்போல் நிற்கும். அதன்மேல் நாம் சுவர், தளம், தூண், கூரை என்று ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். தானாக எதுவும் சுவராக மாறாது. சமதளங்களையும் குழாய்களையும் தானே கண்டுபிடிக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. அலுவலகக் கட்டடங்களிலும் ஆலைகளிலும் அவை உதவுகின்றன. நேராக இல்லாத பழைய சுவரில் அவை இன்னும் தடுமாறுகின்றன.

பொதுவான வழி இது. தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், சன்னல் வழியாகப் போகும்படி, ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் புள்ளி மேகத்தைக் கிடைமட்டமாக வெட்டி அந்த மெல்லிய பட்டையை மட்டும் பார்க்க வேண்டும். சுவர்களின் இரண்டு முகமும் இரண்டு கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகளுக்கு நடுவே சுவரை வரைய வேண்டும். பிறகு செங்குத்தாக வெட்டி உயரம், சன்னல் அடிமட்டம், உத்தரம், கூரைச் சரிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் முதல் சுவரிலேயே முதல் கேள்வி வந்துவிடும்.

கோடு நேராக இல்லை. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையில் நடுப்பகுதி மூன்று சென்டிமீட்டர் வெளியே தள்ளியிருக்கிறது. மேலே போகப் போகச் சுவர் நான்கு சென்டிமீட்டர் சாய்கிறது. மென்பொருளோ நேரான, செங்குத்தான, ஒரே கனமுள்ள சுவரைத்தான் இயல்பாகத் தரும். என்ன செய்வது? சராசரியாக ஒரு நேர்ச்சுவர் வரைந்துவிடலாம். சாய்ந்த சுவராகவே வரையலாம், ரெவிட் 2021 பதிப்பிலிருந்து அதற்கு வசதி இருக்கிறது. அல்லது புள்ளிகளைச் சிறு முக்கோணங்களாகப் பின்னி, உள்ளது உள்ளபடியே ஒரு வலைமேற்பரப்பாக வைக்கலாம். மூன்றும் சரியான விடைகள், கேள்வியைப் பொறுத்து.

வீட்டில் புதிதாக ஒயரிங் செய்யவோ, தரை ஓடு எத்தனை சதுர அடி வேண்டும் என்று பார்க்கவோ மாடல் கேட்கிறார்கள் என்றால் சராசரி நேர்ச்சுவர் போதும். ஆனால் பழுதுபார்க்கக் கேட்கிறார்கள் என்றால் அந்தச் சாய்வுதான் முக்கியமான செய்தி. கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளுகிறதா, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா என்பதற்கான தடயம் அங்கேதான் இருக்கிறது. அதை நேராக்கி வரைந்தால் மாடல் அழகாக இருக்கும், வீட்டின் நோய் மறைந்துபோகும். பல கோடிப் புள்ளிகளை எடுத்து, பிறகு எல்லாவற்றையும் செங்கோணத்தில் நிறுத்தி வரைவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நேராக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நேராக்கினால், எவ்வளவு நேராக்கினோம் என்று எழுதி வைக்க வேண்டும்.

அதற்கு வழியும் இருக்கிறது. செய்த மாடலையும் மூலப் புள்ளி மேகத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு புள்ளியும் மாடலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணினியைக் கணக்கிடச் சொல்லலாம். விலகாத இடம் பச்சை, வெளியே தள்ளிய இடம் சிவப்பு, உள்ளே போன இடம் நீலம் என்று நிறப்படம் வரும். நேர்ச்சுவரை வரைந்துவிட்டு இந்தப் படத்தையும் கூடவே கொடுத்தால் எந்தச் செய்தியும் தொலைவதில்லை. பொறியாளர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சுவர் எங்கே வயிறு தள்ளுகிறது என்று புரிந்துகொள்வார்.

எவ்வளவு விலகலாம் என்பதற்கு அளவுகோலும் உண்டு. அமெரிக்காவின் கட்டட ஆவணமாக்கல் நிறுவனம் ஒன்று வகுத்த ‘எல்ஓஏ’ (லெவல் ஆஃப் அக்யூரசி, துல்லியத்தின் படி) அளவுகோலில் 10 முதல் 50 வரை ஐந்து படிகள். 20 என்றால் விலகல் 15 மில்லிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள், 30 என்றால் 5-இலிருந்து 15 மில்லிமீட்டருக்குள், 40 என்றால் 1-இலிருந்து 5 மில்லிமீட்டருக்குள். இதில் நல்ல விஷயம், அளந்ததன் துல்லியம் வேறு, மாடலின் துல்லியம் வேறு என்று இரண்டையும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்கிறது. ஸ்கேன் 2 மில்லிமீட்டர் துல்லியம் என்பதால் மாடலும் 2 மில்லிமீட்டர் துல்லியம் ஆகிவிடாது. கட்டடத்தின் எல்லா உறுப்புக்கும் ஒரே படியைக் கேட்கவும் வேண்டியதில்லை. சுவருக்கு 20, மாற்ற வேண்டிய உத்தரத்துக்கு 30 என்று பிரித்துக் கேட்டால் செலவு குறையும்.

எவ்வளவு விவரம் வரைவது என்பது இதோடு சேர்ந்த, ஆனால் வேறான கேள்வி. கூரையின் ஒவ்வொரு ஓட்டையும் வரைய வேண்டுமா? வேண்டாம். சரிவு, பரப்பு, ஓட்டின் வகை தெரிந்தால் போதும். கழுக்கோல் ஒவ்வொன்றையும் வரைய வேண்டுமா? பழுதுபார்ப்பு வேலை என்றால் கட்டாயம் வேண்டும், எது உளுத்தது என்ற குறிப்போடு. பத்மநாபபுரம் அரண்மனையின் முன்மண்டபமான பூமுகத்தின் மேற்கூரையில் செதுக்கிய பூக்களை நேர்கோடுகளும் வளைவுகளுமாக வரைய முயல்வது வீண் உழைப்பு. அங்கே கூரைச் சட்டத்தை மட்டும் மாடலாகச் செய்து, செதுக்கலை வலைமேற்பரப்பாகவோ நல்ல புகைப்படமாகவோ இணைத்து வைப்பதே முறை. பழமையான கட்டடங்களுக்கென்று இப்படித் தனி வழிமுறை வேண்டும் என்று டப்ளினில் மாரிஸ் மர்பி குழுவினர் 2009-இல் எழுதினார்கள். அதிலிருந்து ‘ஹெச்பிம்’ (பழங்கட்டடங்களுக்கான பிம்) என்று ஒரு தனித்துறையே வளர்ந்திருக்கிறது.

ஆசாரியின் கோல்

வெளிநாட்டுப் பாடங்களில் கிடைக்காத ஒன்று நம் பக்கத்துக் கட்டடங்களில் இருக்கிறது. கேரளத் தச்சு முறையில் கட்டிய வீடுகள் மில்லிமீட்டரிலும் கட்டப்படவில்லை, அடியிலும் கட்டப்படவில்லை. கோல் கணக்கில் கட்டப்பட்டவை. 24 விரல் ஒரு கோல். இன்று பரவலாகக் கொள்ளும் கணக்கில் விரல் 3 சென்டிமீட்டர், கோல் 72 சென்டிமீட்டர். இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப இது சற்று மாறும். ஒரு கெட்டின், அதாவது வீட்டுக் கட்டின், நீளத்தையும் அகலத்தையும்விட அதன் சுற்றளவுக்குத்தான் ஆசாரி முதலிடம் கொடுப்பார். ஆயம், யோனி முதலிய மனைசாஸ்திரப் பொருத்தங்களையெல்லாம் சுற்றளவிலிருந்துதான் கணிப்பார்கள்.

மாடல் செய்பவருக்கு இது ஏன் தெரிய வேண்டும்? ஸ்கேனில் ஓர் அறையின் நீளம் 3.587 மீட்டர் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பூச்சு உதிர்ந்தது, சுவர் சாய்ந்தது, பொருத்தல் பிழை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. 5 கோல் என்றால் 3.60 மீட்டர். ஆசாரி நினைத்தது அதுவாக இருக்கலாம். ஓர் அறையை வைத்து முடிவு செய்யக் கூடாது. பல அறைகளும் தூண் இடைவெளிகளும் 3 சென்டிமீட்டரின் மடங்குகளில் வந்து உட்கார்ந்தால் சந்தேகம் தீரும். அப்போது மாடலில் இரண்டு எண்களையும் வைக்கலாம்: இன்று இருக்கும் அளவு, கட்டியபோது எண்ணிய அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த நூறு வருடத்தில் வீட்டுக்கு என்ன நடந்தது என்று சொல்லும். நடுவில் ஓர் அறை மட்டும் கோல் கணக்கில் அடங்காமல் நின்றால், அது பிற்பாடு சேர்த்த அறையாக இருக்க வாய்ப்பு அதிகம். மரவேலை தெரிந்த ஒரு ஆசாரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு புள்ளி மேகத்தைப் பார்ப்பது எந்த மென்பொருள் பயிற்சியைவிடவும் அதிகம் கற்றுக்கொடுக்கும். கூரையில் எந்த மூட்டு எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்று புள்ளியை வைத்து நாம் யூகிப்பதை, “அது குடுமி வைத்துச் சேர்த்தது தம்பி, ஆணி இருக்காது” என்று அவர் ஒரே பேச்சில் சொல்லிவிடுவார்.

தெரியாததைத் தெரிந்ததாக வரையாமல் இருப்பதும் இதில் சேரும். சுவருக்குள் வெட்டுக்கல்லா, செங்கல்லா, மண்ணா என்று லேசருக்குத் தெரியாது. தளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. பூச்சு உதிர்ந்த இடத்தில் பார்த்ததை வைத்தோ, சிறு துளையிட்டுப் பார்த்தோ, வெப்பக் கேமராவாலோதான் சொல்ல முடியும். பார்க்காத உறுப்பை மாடலில் வேறு நிறத்தில் காட்டி, யூகம் என்று குறித்துவிட வேண்டும்.

அளந்து வைத்ததன் பயன்

2001-இல் பாமியான் புத்தர் சிலைகளைத் தாலிபான்கள் தகர்த்தார்கள். தொடக்ககால லேசர் ஸ்கேனர்களில் ஒன்றை உருவாக்கிய பொறியாளர் பென் காசிரா, அந்த நிகழ்வால் உந்தப்பட்டு, உலகின் பழஞ்சின்னங்களை அளந்து பாதுகாக்க 2003-இல் சைஆர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஸ்காட்லாந்து நாட்டினரும் அந்த அமைப்பும் சேர்ந்து குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணற்றை 2011-இல் ஸ்கேன் செய்தார்கள். பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தை ஆன்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி நூறு கோடிக்கும் அதிகமான புள்ளிகளாக அளந்து வைத்திருந்தார். அவர் 2018-இல் காலமானார். 2019 ஏப்ரல் 15-இல் பேராலயத்தின் கூரை எரிந்தது. மீண்டும் கட்டியவர்களுக்கு அந்தப் புள்ளி மேகம் கையில் இருந்தது.

இவ்வளவு பெரிய கதை நம் ஊர் வீட்டுக்குத் தேவையில்லைதான். ஆனால் சாலை அகலமாகும்போது இடிபடும் நாலுகெட்டு வீட்டுக்கும் (நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டு உள்ள வீடு), பாகம் பிரிக்கும்போது பிரித்து விற்கப்படும், தானியம் வைக்கும் அறப்புரைக்கும் இதே நியாயம் பொருந்தும். இடிப்பதைத் தடுக்க முடியாவிட்டாலும் ஒரே நாளில் அளந்துவிடலாம். அளவு இருந்தால் மரங்களை வேறு இடத்தில் கொண்டுபோய்த் திரும்பக் கோக்கலாம்.

இன்னொரு பயன், காலம் விட்டுத் திரும்ப அளப்பது. இன்று ஒரு ஸ்கேன், ஐந்து வருடம் கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிட்டால் சுவர் இன்னும் சாய்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரியும். வித்தியாசம் கருவியின் பிழையையும் பொருத்தல் பிழையையும் சேர்த்ததைவிடப் பெரிதாக இருந்தால்தான் அது உண்மையான நகர்வு. இதற்காகவே அசையாத இடங்களில் சில அடையாளங்களை நிரந்தரமாகப் பதித்துவிட்டுப் போக வேண்டும்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு

ஸ்கேனர் பல லட்ச ரூபாய் விலை. அதை வாங்கித் தொடங்க வேண்டியதில்லை. 2020-இலிருந்து ஐபேட் ப்ரோ, ஐபோன் ப்ரோ வகைகளில் லேசர் சென்சார் வருகிறது. ஐந்து மீட்டர் வரை எட்டும். ஓர் அறையின் அமைப்பைப் பிடிக்கவும், புள்ளி மேகம் என்றால் என்ன என்று தொட்டுப் பார்க்கவும் அது போதும். உத்தரம் எத்தனை மில்லிமீட்டர் தொய்ந்திருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லக் கூடாது. கையில் பிடித்து நடந்துகொண்டே எடுக்கும் தொழில்முறைக் கருவிகளும் உண்டு, வேகம் அதிகம், துல்லியம் முக்காலியில் நிற்பதைவிடக் குறைவு.

மென்பொருளில் கிளவுட்கம்பேர் இலவசம். புள்ளி மேகத்தைத் திறக்க, வெட்ட, அளக்க, மேலே சொன்ன விலகல் நிறப்படத்தை எடுக்க அதுவே போதும். மாடலுக்கு ரெவிட் மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. திறந்த மூல வழி வேண்டுமென்றால் பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் பான்சாய் இருக்கிறது. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் வேலை தேடும் பிள்ளைகளுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். வெளிநாட்டுக் கட்டடங்களின் புள்ளி மேகங்களை இந்தியாவுக்கு அனுப்பி மாடல் செய்து வாங்கும் வேலை பெரிய அளவில் நடக்கிறது. அந்த வேலையில் சேர்ந்தால் மென்பொருள் நன்றாகப் பழகும். ஆனால் பார்த்திராத கட்டடத்தை வரைவதால், புள்ளியில் தெரிவது விரிசலா, ஒயரா, ஒட்டடையா என்று கேட்டுப் பழகும் வாய்ப்பு குறைவு. அதனால் முதல் மாடலை உங்கள் பாட்டி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ செய்யுங்கள். சந்தேகம் வந்தால் எழுந்துபோய்த் தொட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்காரராக இந்த வேலையை ஒருவரிடம் கொடுக்கிறீர்கள் என்றால், மாடல் கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு பணத்தை முடித்துவிடாதீர்கள். பொருத்திய புள்ளி மேகத்தை இ57 வடிவத்தில் கேளுங்கள், அது எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொது வடிவம். மாடலை ஐஎஃப்சி என்ற பொது வடிவத்திலும் ஒரு பிரதி கேளுங்கள், இல்லையென்றால் நாளைக்கு அதே மென்பொருள் உள்ளவர்தான் திறக்க முடியும். பொருத்தல் பிழை எவ்வளவு என்ற அறிக்கை, எந்தெந்த இடத்தில் கருவி நின்றது என்ற படம், எதையெல்லாம் அளக்க முடியவில்லை என்ற பட்டியல், எந்தச் சுவரை எவ்வளவு நேராக்கினார்கள் என்ற குறிப்பு, இவை நான்கும் எழுத்தில் வரட்டும். இவற்றையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் வீட்டை விட்டுப் போன பிறகு கேட்டால் மச்சுக்குள் இன்னொரு தடவை ஏற யாரும் வரமாட்டார்கள்.